அறிவோம் வாருங்கள்: ஏறி இறங்கும் சக்கரமும் மாறும் கோணமும்



சென்ற இதழில் மின்கட்டணச் சீட்டைப் படிக்கும் முறையைப் பார்த்தோம். இந்த இதழுக்கு ஜாசின் வட்டாரத்துத் தாயார் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை எடுத்துக்கொள்வோம். அவர் மகன் தவணையில் பழைய கார் ஒன்றை வாங்கி, ஸ்போர்ட்ஸ் காரைப் போலத் தரையை ஒட்டி நிற்க வேண்டும் என்று ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருக்கிறார். அன்று முதல் டயரின் உள்பக்கம் தேய்ந்துகொண்டே போகிறதாம். "டயர் கடையில் மூன்று முறை அலைன்மெண்ட் செய்தாயிற்று. கணினியில் எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது என்கிறார்கள். பிறகு ஏன் ஐயா டயரைத் தின்கிறது?" என்பது அவருடைய கேள்வி.

நல்ல கேள்வி. டயர் கடைக்காரர் சொன்னதும் உண்மை. டயர் தேய்ந்ததும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தானே இது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மழையில் ஓடும் காரில் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலும், டயர் நமக்கு அந்நியமான பொருளா? 1896-ஆம் ஆண்டு டான் சாய் யான் என்பவர் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை நட்டார். நாட்டில் வாணிபத்துக்காக ரப்பர் பயிரிட்டதில் அதுவே முன்னோடி. பின்னர் புக்கிட் அசகானிலும் பெரிய தோட்டம் எழுந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான், 1888-இல், ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றிருந்தார். நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து சீவிய பால் உலகமெங்கும் சக்கரமாக உருண்டது. அந்த ரப்பரை வீணாகத் தார்ச்சாலையில் தேய்த்துவிடுவதில் நமக்கு வருத்தம் இருக்கத்தானே வேண்டும்?

மூன்று கோணங்கள்

உங்கள் வீட்டுச் சிறுவனை நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். அவன் இரு பாதங்களும் நேராக முன்னோக்கி இருந்தால் நேராக நடப்பான். கால் விரல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி உள்நோக்கி இருந்தாலோ, வாத்து நடப்பதுபோல் வெளிநோக்கி இருந்தாலோ நடை கெடும். செருப்பும் ஒரு பக்கமாகத் தேயும். சக்கரத்துக்கும் இப்படி ஒரு நோக்கு உண்டு. பட்டறைக்காரர்கள் இதை 'டோ' என்பார்கள். ஆங்கிலத்தில் கால்விரல் என்று பொருள்.

அடுத்து, அதே சிறுவனை முழங்கால்கள் முட்ட நிற்கச் சொல்லுங்கள்; பிறகு கால்களை வில்போல் வளைத்து நிற்கச் சொல்லுங்கள். சக்கரத்தின் தலைப்பகுதி காரை நோக்கி உள்ளே சாய்வதும் வெளியே சாய்வதும் இதைப் போன்றதே. இந்தச் சாய்வுக்குப் பெயர் 'கேம்பர்'.

மூன்றாவது 'காஸ்டர்'. சைக்கிளின் முன் கவை சற்று முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறதல்லவா? கையை எடுத்தாலும் சைக்கிள் நேராகப் போக உதவும் சாய்வுகளில் அதுவும் ஒன்று. காருக்கும் அது உண்டு. இன்றைய கேள்விக்கு முதல் இரண்டே முக்கியம் என்பதால் இதை இத்துடன் விடுவோம்.

இந்தக் கோணங்கள் எவ்வளவு நுட்பமானவை என்பதற்கு ஒரு கணக்குப் போடுவோம். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு டயர். அதன் முன் விளிம்பு நேர்க்கோட்டிலிருந்து பின் விளிம்பைவிட ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டர் தூரம் உருளும்போது அந்தச் சக்கரம் ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பக்கவாட்டில் போகப் பார்க்கும். கார் அதை விடாது. நேராகவே இழுத்துப் போகும். ஆகவே டயர் அவ்வளவு தூரம் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. கோலாலம்பூருக்குப் போய் வர 300 கிலோமீட்டர் என்றால், அந்த ஒரு மில்லிமீட்டர் கோணலுக்கு டயர் சாலையில் அரை கிலோமீட்டர் தூரம் உரசப்படுகிறது! முதல் கோணல் முற்றும் கோணல் என்று பெரியோர் சொன்னது சக்கரத்துக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

சக்கரம் சும்மா நிற்பதில்லை

டயர் கடையில் அளக்கும்போது கார் மேடையில் அசையாமல் நிற்கிறது. ஆனால் சாலையில் எந்தச் சக்கரமும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். பிரேக் போட்டால் காரின் முன்பக்கம் அமுங்கும். வளைவில் திரும்பினால் ஒரு பக்கம் சாயும். இப்படிச் சக்கரம் ஏறி இறங்கும்போது மேலே சொன்ன கோணங்களும் மாறுகின்றன. இன்றைய பாடத்தின் சாரம் இதுதான்: கடையில் தருகிற தாளில் இருப்பது கார் நிற்கும்போதுள்ள கோணம், டயரைத் தின்பதும் காப்பதும் கார் ஓடும்போதுள்ள கோணம்.

காண்டாக் கம்பில் இருபுறமும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு பக்க வாளி மேலே போனால் மறுபக்கம் தானே கீழே போகும். கம்பு முழுவதும் சாய்ந்துவிடும். மாட்டு வண்டியின் அச்சும், பல லோரிகளின் பின் அச்சும் அப்படித்தான். ஒரே இரும்பில் இரு சக்கரங்கள். ஒன்று கல்லில் ஏறினால் மற்றதும் சாயும். பாரம் சுமக்க அது உறுதியானது. வேகமாக ஓடும் காரின் முன் சக்கரங்களுக்கு ஏற்றதல்ல. ஆகவே ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பைப் பொறியியலாளர்கள் தேடினார்கள். 1933-இல் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் 380 என்ற கார் மேலும் கீழும் இரண்டு கைகளும் சுருள் ஸ்பிரிங்கும் கொண்ட முன் சக்கர அமைப்புடன் வெளிவந்தது. கோழியின் மார்பிலுள்ள கவட்டை எலும்பின் வடிவில் அந்தக் கைகள் இருந்ததால் 'டபுள் விஷ்போன்' என்ற பெயர் நிலைத்தது.

தனித்தனியே ஆடும் சக்கரத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆட்டை முளையில் கட்டினால் அது வட்டத்தில்தானே மேயும்? நேர்க்கோட்டில் போக முடியாது. காரின் உடலோடு மூட்டுப் போட்ட கையும் அப்படியே. அதன் முனையிலுள்ள சக்கரம் நேராக மேலே ஏறாது. வட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் ஏறும். அந்த வட்டங்களை எப்படி அமைப்பது என்பதில்தான் ஸ்போர்ட்ஸ் காரின் இரகசியம் இருக்கிறது.

வீட்டில் செய்து பாருங்கள்

பிள்ளைகளை அழைத்து வைத்துக்கொண்டு இந்தச் செய்முறையைச் செய்யலாம். ஒரு பெரிய அட்டை, சில குண்டூசிகள், கெட்டித் தாளில் வெட்டிய பட்டைகள் போதும்.

அட்டையில் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக, 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊசி குத்துங்கள். இதுதான் காரின் உடல். ஒவ்வொரு ஊசியிலும் 16 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டை ஒன்றை வலப்பக்கம் நீட்டி மாட்டுங்கள். இவை மேல் கை, கீழ்க் கை. இரு பட்டைகளின் மறுமுனைகளையும் 8 சென்டிமீட்டர் நீளமுள்ள இன்னொரு பட்டையால் இணையுங்கள். இதுதான் சக்கரம். இப்போது சக்கரத்தை மேலே தூக்குங்கள். எவ்வளவு தூக்கினாலும் அது செங்குத்தாகவே நிற்கும்.

அடுத்து, மேல் கையை 12 சென்டிமீட்டராகக் குறையுங்கள். அதன் ஊசியை 4 சென்டிமீட்டர் சக்கரத்தின் பக்கமாகத் தள்ளிக் குத்துங்கள். தொடக்கத்தில் சக்கரம் முன்போலச் செங்குத்தாகவே நிற்கும். இப்போது அதை 8 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். சக்கரத்தின் தலை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளே சாய்ந்திருக்கும். குட்டைக் கை சிறிய வட்டம் போடுகிறது. ஆகவே சீக்கிரம் உள்ளே இழுக்கிறது.

செங்குத்தாக நிற்கும் முதல் அமைப்புதானே நல்லது, எதற்கு இந்தச் சாய்வு என்று நீங்கள் கேட்கலாம். கார் இடப்பக்கம் திரும்பும்போது நம் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது? வலப்பக்கம். காரின் உடலும் அப்படியே வலப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கச் சக்கரத்தின் மேல் அமுங்குகிறது. உடல் 3 பாகை சாய்ந்தால், சம நீளக் கைகள் கொண்ட சக்கரமும் அதனுடன் சேர்ந்து 3 பாகை வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். டயர் அதன் வெளி ஓரத்தில் மட்டும் நிற்கும். பாரம் முழுவதையும் தாங்க வேண்டிய சக்கரம் பாதி பாதத்தில் நிற்பது போன்றது அது. மேல் கையைக் குட்டையாக வைத்தாலோ, அமுங்கும் வேளையில் சக்கரம் தானாகவே உள்ளே சாய்ந்து, உடலின் சாய்வில் ஒரு பகுதியை ஈடு செய்கிறது. டயரின் முழுப் பாதமும் தரையில் பதிகிறது. காரும் பிடியை விடாமல் திரும்புகிறது.

நம் நாட்டுக்குச் சொந்தமாயிருந்த ஸ்போர்ட்ஸ் கார்

இந்தக் கலையில் பெயர் பெற்றது இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம். அதை நிறுவியவர் காலின் சாப்மன். 1996-ஆம் ஆண்டு நம் புரோட்டோன் நிறுவனம் லோட்டஸை வாங்கியது. 2017 வரை அது புரோட்டோன் வசம் இருந்தது. லோட்டஸின் 'எலீஸ்' என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்ததும் 1996-இல்தான். தொடக்கத்தில் அதன் எடை சுமார் 725 கிலோ. நான்கு சக்கரங்களுக்கும் இரட்டைக் கை அமைப்பு. 1998-இல் வந்த புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. காரின் ஓட்டத் தன்மையைச் சீர்படுத்தியதும் லோட்டஸ் பொறியியலாளர்களே.

சாப்மன் வழியில் ஒரு பாடம் இருக்கிறது. 1962-இல் அவர் வெளியிட்ட 'எலான்' காரின் ஸ்பிரிங்குகள் கட்டைபோல் விறைப்பானவை அல்ல, மென்மையானவை. சக்கரம் தாராளமாக ஏறி இறங்கித் தரையைத் தழுவ வேண்டும்; அப்படி ஏறி இறங்கும்போது கோணம் கெடாதபடி கைகள் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுவே அந்த வழி. காரைத் தாழ்த்தி விறைப்பாக்கினால் ஸ்போர்ட்ஸ் கார் ஆகிவிடும் என்று எண்ணும் நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடிகார முள்ளும் வெட்டிய ஸ்பிரிங்கும்

நம் வீட்டு வாசலில் நிற்கும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் மேல் கையே கிடையாது. மேல் கையின் வேலையை ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் சேர்ந்த ஒரு தூண் செய்கிறது. ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற பொறியியலாளரின் பெயரால் வழங்கும் அமைப்பு இது. 1950-இல் இங்கிலாந்து ஃபோர்டின் கான்சல் காரில் வந்து, பின்னர் உலகெங்கும் பரவியது. புரோட்டோன் வீராவும் சத்ரியாவும் பெரோடுவா மைவியும் இந்த இனம்தான். செலவு குறைவு, இடமும் குறைவு, குடும்பக் காருக்கு நல்ல அமைப்பு.

இதில் கீழ்க் கை எப்படி இயங்குகிறது? கடிகாரத்தின் மணி முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முனையில் வலப்பக்கச் சக்கரத்தின் அடிப்பகுதி இருக்கிறது. முள் 4 மணியிலிருந்து 3 மணியை நோக்கி மேலே போனால் முனை வெளியே தள்ளப்படும். சரியாக 3 மணியில் அது மிகத் தொலைவில் நிற்கும். 3-ஐத் தாண்டி 2 மணிக்குப் போனால் முனை மறுபடியும் உள்ளே வந்துவிடும். காரை வடிவமைத்தவர் பொதுவாக முள்ளை 3 மணிக்குச் சற்றுக் கீழே நிறுத்தியிருப்பார். கார் அமுங்கும்போது சக்கரத்தின் அடி வெளியே தள்ளப்பட்டு, தலை உள்ளே சாய்ந்து, வளைவில் பிடி கிடைக்கட்டும் என்பது அவர் கணக்கு.

ஸ்பிரிங்கை வெட்டும்போது என்ன நடக்கிறது? காரின் உடல் கீழே இறங்குகிறது. சக்கரமோ தரையில்தான் நிற்கிறது. ஆகவே உடலுக்கு ஒப்பிட முள் மேலே ஏறி 3 மணிக்கே வந்துவிடுகிறது. சில கார்களில் 3-ஐயும் தாண்டிவிடுகிறது. வடிவமைத்தவர் வளைவுக்காகச் சேமித்து வைத்த சாய்வை, கார் சும்மா நிற்கும்போதே செலவழித்தாயிற்று! நேரான சாலையில் ஓடும் நேரமெல்லாம் சக்கரம் உள்ளே சாய்ந்து, உள் ஓரம் தேய்கிறது. வளைவில் கார் அமுங்கும்போது முள் 3-ஐத் தாண்டுவதால், சாய்வு வேண்டிய அந்த நொடியில் சக்கரம் வெளியே சாயத் தொடங்குகிறது. சம்பளம் வந்த அன்றே செலவழித்துவிட்டுத் தீபாவளிக்குக் கையைப் பிசைவது போன்ற கதைதான்.

இன்னும் இரண்டு தீமைகள் உண்டு. எட்டுச் சுற்றுள்ள ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டினால் மிச்சமுள்ள ஆறு சுற்று முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் விறைப்பாகிறது. குட்டையாகிப் போன ஸ்பிரிங், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இருக்கையை விட்டே நழுவக்கூடும். அத்துடன், சக்கரம் மேலே ஏற இருந்த இடம் குறைந்துவிடுவதால் பாதி வளைவில் ரப்பர்க் கட்டையில் போய் இடிக்கும். இடித்த நொடியில் அந்த மூலையில் ஸ்பிரிங்கே இல்லாதது போலாகி, டயர் சட்டென்று பிடியை விடும்.

மறைந்திருக்கும் இரண்டாவது முள்

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு நேராக வருவோம். சக்கரத்தை ஸ்டீயரிங்குடன் இணைக்கும் ஒரு கம்பி இருக்கிறது. பட்டறையில் 'டை ராட்' என்பார்கள். அதுவும் ஒரு கடிகார முள்தான். கீழ்க் கை ஒரு முள். டை ராட் மற்றொரு முள். இரண்டின் முனைகளும் ஒரே அளவு உள்ளே வெளியே போனால் சக்கரம் எவ்வளவு ஏறி இறங்கினாலும் நேராகவே பார்க்கும். ஒரு முள் 3 மணியிலும் மற்றது இரண்டரை மணியிலும் இருந்தால்? சக்கரம் ஏறும்போது ஒரு முனை அதிகமாகவும் மற்றது குறைவாகவும் இழுக்கப்படும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் தானாகத் திரும்பும். மேட்டில் ஏறினால் ஒரு பக்கம், பள்ளத்தில் இறங்கினால் மறுபக்கம்.

எந்தப் பக்கம் திரும்பும் என்பது காருக்குக் கார் மாறும். டை ராட் சக்கர நடுவுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. காரை உருவாக்கியவர்கள் தங்கள் உயரத்தில் இந்த இரண்டு முட்களும் ஒத்துப் போகும்படி பார்த்துப் பார்த்து வைத்திருப்பார்கள். நான்கு பேர் ஏறினால், பின்னால் இரண்டு கூடை டுரியான் ஏற்றினால், அமுங்கும் அளவுக்கும் இடம் விட்டிருப்பார்கள். ஸ்பிரிங்கை வெட்டியவர் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்.

டயர் கடைக்காரர் தாழ்ந்து நிற்கும் காரில் டை ராட்டைத் திருகி, சக்கரத்தை நேராக நிறுத்துகிறார். கணினி சரி என்கிறது. பொய்யில்லை. கார் கடையை விட்டு வெளியே வந்து முதல் மேட்டில் ஏறியதுமே அந்தக் கோணம் மாறிவிடுகிறது. செம்பனை லோரிகள் ஓடி அலை அலையாய்க் கிடக்கும் சாலையில் நிமிடத்துக்கு எத்தனை முறை சக்கரம் ஏறி இறங்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் டயர் கொஞ்சம் உரசப்படுகிறது. சாய்வையும் திருத்தலாமே என்றால், பல குடும்பக் கார்களில் முன் சக்கரச் சாய்வைத் திருத்தும் வசதியே தொழிற்சாலையிலிருந்து வருவதில்லை. மூன்று முறை அல்ல, முப்பது முறை அலைன்மெண்ட் செய்தாலும் வெட்டிய ஸ்பிரிங் வெட்டியதுதான்.

பந்தயக்காரர்கள் என்ன செய்கிறார்கள்?

பந்தயக் கார்கள் தரையோடு தரையாக ஓடுகின்றனவே என்று பிள்ளைகள் கேட்பார்கள். உண்மைதான். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக ஜோர்டான் குழுவில் சேர்ந்தார். அவ்வாண்டு மார்ச் மாதம் நம் செப்பாங் பந்தயத்தில் 11-ஆவதாக வந்து சேர்ந்தார். அவர் ஓட்டிய வகைக் காரில் சக்கரம் ஏறி இறங்கும் தூரம் மிகச் சிறியது. கைகளோ மிக நீளமானவை. நீண்ட கயிற்றில் கட்டிய ஆடு பெரிய வட்டம் போடும். பெரிய வட்டத்தின் சிறு துண்டு ஏறக்குறைய நேர்க்கோடாகவே இருக்கும். தாழ்ந்த உயரத்துக்கென்றே மூட்டுகளின் இடம் கணக்கிடப்பட்டது. பாதையும் பாய் விரித்ததுபோல் சமமானது. ஸ்பிரிங்கை வெட்டி உண்டாக்கியதல்ல அந்தத் தாழ்வு.

இதற்கு நேர்மாறான ஒருவரையும் நினைத்துப் பாருங்கள். நம் நாட்டின் கரம்ஜித் சிங் 2002-ஆம் ஆண்டு புரோட்டோன் காரில் ஓடி, உலக ரேலிப் போட்டியின் தயாரிப்புக் கார் பிரிவில் வாகை சூடினார். இந்நாட்டு ரேலிகள் ரப்பர், செம்பனைத் தோட்டங்களின் செம்மண் பாதைகளில் நடந்தவை. அந்தப் பாதைக்கான கார் தாழ்ந்து நிற்காது, உயர்ந்து நிற்கும். சக்கரம் நிறைய ஏறி இறங்கும். தோட்டத்துச் சாலையில் உலக வெற்றியாளர் உயரமான காரில் ஓட, அதே சாலையில் நம் தம்பி காரைத் தாழ்த்தி ஓட்டுவது வேடிக்கையாக இல்லையா?

மழை வரும் முன்

என் பழைய மாணவர் ஒருவர் இப்படித் தாழ்த்திய காரில் இரவு வேலை முடிந்து மழையில் திரும்பினார். வெளிப்பக்கம் பார்த்தால் டயர் புதிதுபோல் இருந்தது. உள் ஓரத்திலோ கம்பி தெரிந்தது. தேங்கிய நீரில் கார் வழுக்கிக் கால்வாயில் இறங்கியது. கையில் கட்டுடன் தப்பினார். எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. உள் ஓரத் தேய்வின் கொடுமை இதுதான்: குனிந்து பார்க்காதவர் கண்ணில் அது படுவதில்லை.

ஆகவே வாசகர்கள் கவனிக்க வேண்டியவை:

முதலாவது, மாதம் ஒருமுறை ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்து, முன் டயர்களின் உள் ஓரத்தைப் பாருங்கள். கையால் தடவிப் பார்ப்பதானால் மெதுவாக, கம்பி குத்தாதபடி. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த டயர் சட்டப்படியும் ஆகாது.

இரண்டாவது, உள்ளங்கையை டயரின் குறுக்கே இரு திசையிலும் நகர்த்துங்கள். ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் அரம்போல் சொரசொரப்பும் இருந்தால் 'டோ' கெட்டிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சாய்வையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கார் மேட்டில் ஏறும்போது தானாக இழுத்தால் அலைன்மெண்ட் மட்டும் செய்து திருப்தி அடையாதீர்கள். கைகளின் மூட்டு ரப்பர், பந்து மூட்டு, டை ராட் முனை, அப்சோர்பர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடும் மூட்டை வைத்துக்கொண்டு கோணம் பிடிப்பது, ஆடும் ஏணியை வைத்துக்கொண்டு சுவர் கட்டுவதற்குச் சமம்.

நான்காவது, அலைன்மெண்டுக்கு முன் டயர் காற்றைச் சரிபாருங்கள். வழக்கமாகப் பாரம் ஏற்றி ஓடும் வண்டி என்றால் அதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். பந்தயக் குழுவினர் ஓட்டுநரின் எடையை இருக்கையில் வைத்துத்தான் கோணம் அளப்பார்கள்.

ஐந்தாவது, வெட்டிய ஸ்பிரிங்கைக் கழற்றி, அந்தக் காருக்கு உரிய ஸ்பிரிங்கை மாட்டுங்கள். நான்கு டயரை வருடந்தோறும் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல. வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அனுமதியில்லாத மாற்றம் விபத்துக்குப் பிறகு காப்புறுதி கோரும்போது தொல்லையாக முடியலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. காரின் மேல் ஆசை வைக்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள். நம் பக்கத்திலேயே, அலோர் காஜாவுக்கு அருகில் பெகோவில் 2003 முதல் ஹோண்டா கார் தொழிற்சாலை இயங்குகிறது. அந்த ஆசையைத் தொழிற்பயிற்சியின் பக்கம் திருப்பிவிட்டால், ஸ்பிரிங்கை வெட்டும் கை நாளை ஸ்பிரிங்கை வடிவமைக்கும் கையாக மாறலாம். இன்று மாலை அந்த அட்டையையும் குண்டூசியையும் எடுத்து அவனுடன் உட்காருங்கள். சக்கரம் சாய்வதை அவனே தன் விரலால் தூக்கிப் பார்க்கட்டும். நூறு அறிவுரை செய்யாததை அந்த ஒரு சென்டிமீட்டர் செய்யும்.

அடுத்த இதழில் பிரேக் எண்ணெயைப் பற்றிப் பார்ப்போம். வணக்கம்.